ஞாயிற்றுக்கிழமைச் செக்கு

"எண்ணெய் ஆட்டறது எல்லாருக்கும் புடிக்குமுங்க தம்பி. நீங்க டின்னு கழுவ வாங்க."

2016 ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவிநாசிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மரச்செக்கு வைத்திருந்த அண்ணன் ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். அப்போது எனக்கு 39 வயது. நூல் மில் ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 17 வருடம் ஓடியிருந்தது. மில்லை விட்டுவிட்டுச் செக்கு போட வேண்டும் என்ற எண்ணம் மனசுக்குள் புகுந்து ஒரு வருடம். நான்கு வாரமாக விடுமுறை நாளில் அவரிடம் போய் நின்றுகொண்டிருந்தேன். வாகை மரச் செக்கில் உலக்கை சுற்றும். எள்ளோடு கருப்பட்டியை உடைத்துப் போடுவார். சற்று நேரத்தில் அந்தக் கொட்டகையே மணக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் சட்டையில் அந்த வாசம் இருக்கும். அந்த வாசத்தை நம்பி ஒரு குடும்பத்தின் பிழைப்பையே மாற்றிவிடப் பார்த்தேன். அண்ணனுக்கு அது புரிந்துவிட்டது.

அடுத்த வாரத்திலிருந்து டின் கழுவினேன்.

தொழில் மாறுவதைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் நான் சொல்லத் தொடங்குவது இந்த இடத்திலிருந்துதான். சேமிப்பு, கடன், சந்தை எல்லாம் பிறகு. போகப் போகும் தொழிலில் யாருக்கும் பிடிக்காத வேலை எதுவோ, அதைச் சம்பளம் வந்துகொண்டிருக்கும் காலத்திலேயே கைப்படச் செய்து பார்த்தாக வேண்டும். நாம் ஆசைப்படுவது ஒரு தொழிலின் மணக்கும் பகுதிக்கு. நாளில் ஒரு மணி நேரம்தான் அது. மீதி நேரத்தைத் தாங்க முடியுமா என்பதே கேள்வி.

மீதி நேரம் எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். 15 கிலோ டின்னின் அடியில் மண்டி ஒட்டியிருக்கும். வெந்நீர் விட்டுத் தேய்த்து, கவிழ்த்து, வெயிலில் காய வைக்க வேண்டும். ஈரம் போகாத டின்னில் ஊற்றிய எண்ணெய் சீக்கிரமே காறல் வாடை அடிக்கும். வாங்கியவர் மறுபடி வரமாட்டார், காரணமும் சொல்லமாட்டார். நிலக்கடலைப் பருப்பில் கல், மண், சொத்தை பொறுக்குவது இன்னொரு வேலை. இரண்டு மூட்டைக்கு இரண்டு பேர் அரை நாள் உட்கார வேண்டும். குனிந்தே இருப்பதால் கழுத்து இறுகிப்போகும். ஆட்டிய எண்ணெயை வெயிலில் தெளிய வைத்தால் இரண்டு மூன்று நாள் காவல் இருக்க வேண்டும். மேகம் கட்டினால் ஓடிவந்து மூட வேண்டும்.

அப்புறம் புண்ணாக்கு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு போகிறது. எண்ணெய் போக மிஞ்சுவதில் பெரும்பகுதி புண்ணாக்கு. எண்ணெய் விற்ற காசு பருப்புக்கும் கூலிக்கும் கரண்டுக்கும் சரியாகப் போய்விடும். புண்ணாக்கு விற்றால்தான் கையில் ஏதாவது நிற்கும். ஆக, செக்குக்காரர் எண்ணெய் வாங்குகிறவர்களைத் தெரிந்து வைத்திருந்தால் மட்டும் போதாது. ஊரில் யார் வீட்டில் எத்தனை கறவை மாடு, அவர்களுக்குப் பால் காசு என்றைக்கு வரும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்துகொண்டேன்.

எல்லாவற்றிலும் கடினமான வேலை கடைசியில் வந்தது. "இன்னைக்கு நீங்க போய் பாக்கி வாங்கியாங்க" என்று அண்ணன் ஒரு சிட்டை நோட்டைக் கொடுத்தார். ஆறு மளிகைக் கடைகள். எல்லோரிடமும் மூன்று மாத, நான்கு மாத நிலுவை. முதல் கடையில் போய் நின்றேன். கடைக்காரர் ஏறிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் பொட்டலம் கட்டினார். இருபது நிமிடம் நின்றிருப்பேன். வாய் வரவில்லை. மில்லில் பத்து லட்சம் ரூபாய் நூலைத் தரமில்லை என்று ஒதுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான். நாலாயிரம் ரூபாய் பாக்கியைக் கேட்க முடியாமல் வெறும் கையோடு திரும்பி வந்தேன். அன்று இரவு உறக்கம் பிடிக்கவில்லை. செக்கு நமக்கு ஆகாது என்றே முடிவு கட்டினேன்.

நான்கு மாதம் போனேன். கேட்கப் பழகினேனே தவிர, பழக்கம் ஆகவில்லை. அந்தச் சமயத்தில்தான் நவம்பர் 8 வந்தது. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த வாரத்தில் அண்ணனின் நோட்டில் இருந்த கடைப் பாக்கி அத்தனையும் அப்படியே உறைந்து நின்றது. ஆனால் நேராகச் செக்குக்கே வந்து தூக்குப் போசியில் வாங்கிப் போகிற வீட்டுக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இருந்த சில்லறையைக் கொடுத்தார்கள், மீதியைத் தாங்களே நினைவு வைத்திருந்து அடுத்த வாரம் கொடுத்தார்கள். அதைப் பார்த்தபோது என் திட்டம் மாறியது. கடைகளுக்குக் கடனுக்குப் போடுவதில்லை. செக்கு வாசலிலேயே சில்லறை விற்பனை மட்டும். அளவு சிறியதாக இருக்கும், வளர்ச்சி மெதுவாக இருக்கும், இருக்கட்டும். என்னால் செய்ய முடியாத வேலை எது என்பது முன்பே தெரிந்துபோனதால், அந்த வேலை இல்லாத ஒரு செக்கை நான் அமைத்துக்கொள்ள முடிந்தது. வேலையை விட்ட பிறகு இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

என்ன ஆகியிருக்கும் என்பதையும் பார்த்தேன். 2017 தை மாதம் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகத் திரண்ட கூட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு, மரச்செக்கு, சிறுதானியம் என்று ஒரு வேகம் எழுந்தது. அந்த வேகத்தில் உண்மையான அன்பு இருந்தது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எங்கள் வட்டாரத்தில் புதிதாகப் பல செக்குகள் வந்தன. ஒரு வருடத்துக்குள் சில விலைக்கும் வந்தன. நான் பின்னால் வாங்கிய இரண்டு செக்குகளில் ஒன்று அப்படி வந்ததுதான். விற்றவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். செக்கைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்றார். எண்ணெயில் எந்தக் குறையும் வைக்கவில்லை, மூன்று லட்ச ரூபாய் கடைகளில் நிற்கிறது, என்றார். உலக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு யாரும் முன்கூட்டிச் சிட்டை நோட்டைக் கையில் கொடுத்து அனுப்பவில்லை.

மில்லில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஆட்டுப் பண்ணை போட்டார். உழைப்பாளி, கணக்கில் கெட்டி. பல பண்ணைகளைப் போய்ப் பார்த்துவந்தார். எல்லாவற்றையும் பார்த்தது கோடையில். மழைக்காலத்தில் ஒரு கொட்டகை எப்படி இருக்கும், ஆடு கழிய ஆரம்பித்தால் எத்தனை மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பதை அவர் பார்த்ததில்லை. ஐப்பசி மழையில் பாதி ஆடு போனது. வருங்கால வைப்பு நிதி முழுவதையும் அதில் போட்டிருந்தார். இப்போது வேறொரு மில்லில் இருக்கிறார், முன்பைவிடக் குறைந்த சம்பளத்தில். திரும்பிப் போனதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் ஒரு கார்த்திகை மாதத்தை யாராவது ஒருவர் பண்ணையில் கழித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு இன்றும் உண்டு.

நாம் பெரியவர்களின் கதைகளைச் சொல்லும் விதத்திலும் ஒரு பிசகு இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் பெயரைச் சொல்லாமல் தொழில் பேச்சு முடியாது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவர், பிறகு பெரும் போக்குவரத்து நிறுவனத்தையே கட்டியவர். அந்தத் துணிச்சலைத்தான் மேடையில் பேசுகிறோம். அதற்கு முன்னால் அவர் ஹோட்டலில் சர்வராக நின்று காசு சேர்த்தார். ஒரு மோட்டார் சைக்கிளை வாங்குவதற்காகச் சேர்த்த காசு அது. வாங்கி, பிரித்து, மறுபடி பூட்டி, எந்திரம் எப்படி ஓடுகிறது என்று கையால் அறிந்துகொண்டார். ஆங்கிலேயத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் துரை கடன் கொடுத்து உதவியதும் அதன் பிறகுதான். சர்வராக நின்ற காலம் கதையில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. எனக்கு அந்தக் காலத்தைப் பற்றித்தான் தெரிந்துகொள்ள ஆசை.

இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வார் அய்யாவின் கதையும் அப்படியே. 1969-இல் அரசு வேலையை உதறிவிட்டு வந்தார் என்று கேட்டு, கண் கலங்கி, மறுநாள் கணினி வேலையை விட்டுவிட்டு நிலம் தேடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர் வேளாண்மை படித்தவர். கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் ஆறு ஆண்டு மண்ணிலேயே நின்றவர். உழவனுக்கு உதவாத ஆராய்ச்சி என்று கண்ட பிறகுதான் வெளியே வந்தார். அவர் விட்டது ஒரு முறையை. மண்ணையும் பயிரையும் பற்றிய அறிவு அவர் கூடவே வந்தது. எதை உதறினார் என்று கேட்கிற நாம், எதை எடுத்துக்கொண்டு வந்தார் என்று கேட்பதில்லை.

இனி வீட்டுக்கு வருகிறேன். செக்கு ஆசையை முதலில் சொன்னபோது என் மனைவி மறுக்கவில்லை. "ஏனுங்க, நமக்கு மாசம் எவ்வளவு ஆகுது, தெரியுமுங்களா?" என்று மட்டும் கேட்டாள். இருபத்திரண்டாயிரம் என்றேன். அவள் ஒரு நோட்டை எடுத்துவந்து வைத்தாள். 2016 ஆடி முதல் தேதியில் தொடங்கி ஒரு முழு வருடம் ஒவ்வொரு ரூபாயையும் எழுதினோம். வருடக் கடைசியில் கூட்டினால் 3,73,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 31,000-க்கு மேல். நான் சொன்ன கணக்கில் இல்லாத ஒன்பதாயிரம் எங்கே இருந்தது? மொய்யில் இருந்தது; அந்த வருடம் மொய் மட்டும் 41,500. காதுகுத்து, பங்காளி வீட்டுச் சீர், பள்ளிக் கட்டணம், தீபாவளித் துணி, அப்பாவின் கண் அறுவை. மாதச் சம்பளக்காரன் இவற்றையெல்லாம் "இந்த ஒரு தடவை" என்று ஒதுக்கிவைத்துவிடுகிறான். ஒவ்வொரு வருடமும் அந்த ஒரு தடவை வருகிறது.

பதினெட்டு மாதச் செலவு, அதாவது 5,58,000 ரூபாய், தனிக் கணக்கில் சேரும்வரை வேலையை விடுவதில்லை என்று முடிவு செய்தோம். அது செக்குக்கான பணம் இல்லை, சோற்றுக்கான பணம். இரண்டையும் கலக்கக் கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். செக்குக்கு வேறு வழி. 19 வருடச் சேவைக்கு எனக்கு வரவேண்டிய பணிக்கொடை, கடைசி அடிப்படைச் சம்பளம் 24,000 என்ற கணக்கில், வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்து, 2,63,077 ரூபாய். அதோடு சிறுகச் சேர்த்தது கொஞ்சம், வங்கியில் முத்ரா கடன் இரண்டு லட்சம். வைப்பு நிதியைத் தொடுவதில்லை.

சின்னதாகத் தோன்றும் இன்னொன்று எங்களைக் காப்பாற்றியது. மனைவிக்குச் சர்க்கரை உண்டு. மில்லில் இருக்கும்வரை குடும்பத்துக்கே குழுக் காப்பீடு இருந்தது. வேலையை விட்ட அன்றே அது போய்விடும். வெளியே புதிதாகக் காப்பீடு எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. நாங்கள் எடுத்த பாலிசியில் அது நான்கு ஆண்டு. இப்போது உச்சவரம்பு மூன்று ஆண்டு என்று குறைத்திருக்கிறார்கள். அதனால் வேலையில் இருக்கும்போதே, 2016-இலேயே, தனியாக ஒரு பாலிசி எடுத்துவிட்டோம். இரண்டு காப்பீட்டுக்குக் காசு கட்டுவது வீண் என்று பலர் சொன்னார்கள். காத்திருப்புக் காலத்தில் பாதி நான் சம்பளம் வாங்கும்போதே கழிந்தது. அதே போல ஓய்வூதியமும். வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் 10 ஆண்டு சேவை முடிந்திருந்தால்தான் 58 வயதில் மாதா மாதம் ஏதாவது வரும். ஒன்பதாவது வருடத்தில் கோபித்துக்கொண்டு வெளியேறுகிற தம்பிகளைப் பார்க்கும்போது, கொஞ்சம் பொறு கண்ணு என்று கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றுகிறது.

கோபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கும் மேலதிகாரி ஒருவரோடு ஒத்துப்போகவில்லை. செக்கின் மேல் ஆசையா, அவர் மேல் வெறுப்பா என்று எனக்கே தெளிவில்லாமல் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள வேறொரு மில்லுக்கு நேர்காணலுக்குப் போனேன். நல்ல மில், நல்ல மனிதர்கள், சம்பளமும் கூடுதல். ஸ்பின்னிங் பிரிவு வழியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த ஈரக் காற்றும், தறிகெட்டு ஓடும் கதிர்களின் இரைச்சலும், பறக்கும் பஞ்சும் பட்டதும், உள்ளே ஏதோ ஒன்று உட்கார்ந்துவிட்டது. ஆள் மாறினாலும் இந்த அலுப்பு மாறாது என்று அன்று தெளிந்தேன். அந்த நேர்காணலுக்குப் போகாமல் இருந்திருந்தால் என் முடிவில் எனக்கே நம்பிக்கை வந்திருக்காது.

மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடிக்கட்டும் என்பது மனைவி போட்ட இன்னொரு நிபந்தனை. 2018 ஏப்ரலில் முடித்தாள். மே மாதம் நான் மில்லை விட்டேன். ஆனியில் கடை திறந்தோம். காங்கேயத்திலிருந்து கொப்பரை, சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலிருந்து எள். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு, அப்போது சிறு வியாபாரிக்கு வருடம் 100 ரூபாய்தான், திறப்பதற்கு முன்பே வாங்கி மாட்டியாகிவிட்டது.

பணத்துக்குத் திட்டம் போட்டிருந்தேன். ஊரில் இருக்கும் பெயருக்குத் திட்டம் போடவில்லை. அதே வருடம் ஆவணியில் உறவினர் கல்யாணம். பந்திக்குக் காத்திருக்கும்போது பெரியவர் ஒருவர் வழக்கம்போல் கேட்டார்: "மாப்ள, இப்ப எந்த மில்லுங்க?" பத்தொன்பது வருடம் அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக நாக்கு நுனியில் இருந்தது. அன்று இல்லை. "செக்கு போட்டிருக்கறனுங்க மாமா" என்றேன். "அட, எண்ணெய்க் கடையா? படிச்ச படிப்பெல்லாம்…" என்று இழுத்துவிட்டு, என் மாமனாரைப் பார்த்தார். என் மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவு என்னை வருத்தியதுபோல முதல் வருட நட்டம்கூட வருத்தவில்லை. வேலை என்பது நமக்குச் சம்பளம் மட்டும் தருவதில்லை. கல்யாண மண்டபத்தில் உட்கார ஒரு நாற்காலியும் தருகிறது. அந்த நாற்காலி சில வருடம் காலியாக இருக்கும். முன்கூட்டித் தெரிந்திருந்தால் வலி குறைந்திருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் நம்மை நம்பிப் பெண் கொடுத்தவர்களிடம் நாமே போய் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மண்டபத்தில் அவர் அதை எதிர்கொள்ளும்படி விட்டது என் தவறு.

படித்த படிப்பு வீணாகப் போகவில்லை என்பது எனக்கு ஐப்பசியில் தெரிந்தது. அப்போதுதான் புதுக் கடலை சந்தைக்கு வரும், விலை இறங்கும், வருடத்துக்கான இருப்பை வாங்கியாக வேண்டும். சேவூர் விற்பனைக் கூடத்தில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. வியாபாரிகள் மேலே கையை விட்டு ஒரு பிடி எடுத்து, உரித்துப் பார்த்து, விலை குறித்துவிட்டு நகர்ந்தார்கள். நானும் முதலில் அப்படியே செய்தேன். மூன்றாவது மூட்டையில் கை தானாக அடி வரைக்கும் போனது. மில்லில் பஞ்சுப் பேல்களில் மாதிரி எடுக்கும்போது மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் எடுப்போம். வெளியே தெரிகிற பஞ்சை நம்பக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். அடியில் எடுத்த கடலை குளிர்ந்திருந்தது, ஈரம். கடலையில் ஈரப்பதம் 8 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே சேமித்து வைக்க வேண்டும். இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும், அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், அது ஈரலைக் கெடுக்கும். அந்த மூட்டைகளை விட்டேன். நூறு கிராம் எடை போட்டு, கல் எவ்வளவு, சொத்தை எவ்வளவு, சுருங்கல் எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்கியவன் அன்று அங்கே நான் ஒருவன்தான். பத்தொன்பது வருடம் பஞ்சைத் தொட்ட விரல்கள் கடலையைத் தொட்டபோது எல்லாம் நினைவு வைத்திருந்தன. திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

முதல் வருடம் வீட்டுக்கு என்று எடுக்க முடிந்தது மாதம் எட்டு, ஒன்பதாயிரம். மீதி அந்த 5,58,000-இலிருந்து போனது. மாதா மாதம் அது இறங்குவதைப் பார்ப்பது கஷ்டம். அதனால்தான் பழைய கதவை முழுக்கச் சாத்திவிடவில்லை. உடுமலைப் பக்கம் சிறிய ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்கள் இரண்டுக்கு மாதம் இரண்டு நாள் போய்த் தரச் சோதனை செய்து கொடுத்தேன். அதில் வந்தது கரண்டுக் கட்டணத்துக்கு ஆனது. பதினெட்டாவது மாதத்தில் செக்கு மாதம் 20,000 தரவில்லை என்றால் திரும்பி மில்லுக்குப் போவது என்று நானும் மனைவியும் தேதி குறித்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தோம். 2019 டிசம்பர். அந்த மாதம் 21,400 வந்தது. மூன்று மாதத்தில் ஊரடங்கு வந்தபோது, எண்ணெய் அத்தியாவசியப் பொருள் என்பதால் கடை திறந்திருந்தது. வெளியூர் போக முடியாதவர்கள் பக்கத்துச் செக்கைத் தேடி வந்தார்கள். அது என் திட்டத்தில் இல்லாதது. நான் போட்ட திட்டத்தால்தான் எல்லாம் நடந்தது என்று சொன்னால் அது பொய்.

திட்டம் போடக்கூட வாய்க்காதவர்கள் உண்டு என்பதையும் மறக்க முடியாது. என் அப்பாவும் மில் தொழிலாளிதான். கோயம்புத்தூரில் 1888-இல் முதல் மில் வந்து, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து, மில்லுக்கு மேல் மில்லாக எழுந்த ஊரில், மில் வேலை என்றால் ஆயுளுக்கும் வேலை என்று நம்பிய தலைமுறை அவருடையது. ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போனபோது கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 46 வயதில் சைக்கிளில் பால் ஊற்றத் தொடங்கினார். அவருக்கு யாரும் பதினெட்டு மாதம் கொடுக்கவில்லை. அவர் பால் ஊற்றிப் படிக்க வைத்ததால்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது. தொழில் மாற்றத்தைத் துணிச்சல் என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்தச் சைக்கிள் நினைவுக்கு வருகிறது. சம்பளத்தோடு ஒத்திகை பார்க்க முடிகிறவன் அதைப் பார்க்காமல் குதித்தால், பார்க்கவே வாய்ப்பில்லாமல் போனவர்களுக்கு அவன் என்ன பதில் சொல்வான்?

என் எண்ணெயைவிட, என் கணக்கு நோட்டைவிட, எனக்கு வாய்த்த பெரிய பேறு அந்த அண்ணன். 39 வயது அந்நியன் ஒருவன் வந்து நின்றபோது, போட்டிக்கு வரப்போகிறவன் என்று தெரிந்தும், உள்ளே விட்டார். ஒரு வருடத்துக்கு மேல் தன் தொழிலின் அழுக்கையும் கடனையும் மறைக்காமல் காட்டினார். கூலி கொடுக்க வந்தபோது நான் வாங்கவில்லை, கற்றுக்கொடுத்ததற்கு நான் கொடுக்க வந்தபோது அவர் வாங்கவில்லை. கற்றுக்கொள்ள இருபது வயதுக்காரனுக்கு இடம் இருக்கிறது. நாற்பது வயதில், கையில் ஒரு விடுமுறை நாளை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவனுக்கு நம் ஊரில் கதவுகள் குறைவு. வேவு பார்க்க வந்தானோ என்று நினைக்கிறோம்.

ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவர்களே, பேக்கரி நடத்துகிறவர்களே, தையல் கடை, நாற்றுப் பண்ணை, அச்சகம், டீக்கடை வைத்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே: ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சலவைச் சட்டை போட்ட யாராவது ஒருவர் உங்கள் வாசலில் வந்து, என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றால், தயவுசெய்து உள்ளே கூப்பிடுங்கள். கழுவ ஒரு டின்னைக் கொடுங்கள்.